வீட்டுக்கு கார் லிஃப்ட் வாங்கலாமா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



போன மாசம் ஒரு தம்பிகிட்ட இருந்து மெசேஜ். "அண்ணா, கைக்கு 52,000 சம்பளம் வருது. பழைய ஸ்விஃப்ட் வெச்சிருக்கேன். யூடியூப் பார்த்து ஆயில் மாத்த, பிரேக் பேட் மாத்த எல்லாம் கத்துக்கிட்டேன். வீட்டுலயே ஒரு டூ போஸ்ட் லிஃப்ட் போட்டுட்டா லாங் டேர்ம்ல லாபம்தானே? 24 மாச நோ காஸ்ட் இஎம்ஐ கிடைக்குது."

கேள்வி நல்ல கேள்வி. சொந்தக் கையால வேலை செய்யுற பழக்கம் உள்ளவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று, கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. கேட்டது: "இது லாபமா?" கேட்காதது: "இப்போ கார் எதன் மேல நிக்குது?" திருப்பிக் கேட்டேன். பதில் வந்தது: "டிக்கியில வர்ற ஜாக்கிதான் அண்ணா. இதுவரைக்கும் பிரச்சினை இல்லை."

எனக்கும் ஒரு நாள் வரைக்கும் பிரச்சினை இல்லாமல்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சிஏ முடிச்சு ரெண்டாவது வருஷம். அப்பாவோட பழைய கார். பின்பக்கம் ஏதோ சத்தம் வருதுன்னு போர்டிகோவிலேயே பின்னாடி ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே படுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தேன், அதனால தைரியம். அம்மா வாசலில் இருந்து, "கொரியர் வந்திருக்கு, கையெழுத்து போடணுமாம்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து கேட் வரைக்கும் போனேன். பேனாவை வாங்குறதுக்குள்ள பின்னால் ஒரு சத்தம். கார் அரை அடி முன்னால் நகர்ந்து, ஜாக்கி சாய்ந்து, நான் படுத்திருந்த இடத்தில் காரின் அடிப்பாகம் இருந்தது.

காரணம் ரொம்ப எளிது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். நான் தூக்கியதே பின்பக்கம். தரையில் இருந்த முன் சக்கரங்களைப் பிடிக்க எதுவுமே இல்லை, கியரும் நியூட்ரல். மழைத்தண்ணி ஓடுறதுக்காக நம்ம வீட்டு போர்டிகோ எல்லாமே ரோட்டைப் பார்த்து லேசாக சரிவாகத்தான் போட்டிருப்பாங்க. மீதியை அந்தச் சரிவு பார்த்துக்கிச்சு.

இன்னைக்கு வரைக்கும் அம்மாவுக்கு முழு விஷயம் தெரியாது. அதனால இந்தக் கட்டுரையில் ரெண்டு கணக்கு போடப் போறோம். ஒன்று ரூபாய்க் கணக்கு. இன்னொன்று, ரூபாயில் போட முடியாத கணக்கு.

முதலில், என்னென்ன இருக்கு?

ஒன்று: டிராலி ஜாக்கி, நாலு ஜாக்கி ஸ்டாண்ட். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், ஸ்டாண்ட் தாங்குறதுக்கு. ஆயில், பிரேக், டயர் ரொட்டேஷன் என்று வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பகுதி இதிலேயே முடியும். படுத்துக்கிட்டுதான் செய்யணும்.

இரண்டு: போர்ட்டபிள் லிஃப்ட் அல்லது சிசர் லிஃப்ட். கார் இடுப்பு உயரம் வரைக்கும், சில மாடல்களில் இன்னும் கொஞ்சம் மேலே போகும். டயர், பிரேக், பெயின்ட் வேலைக்கு அருமை. ஆனா சிசர் லிஃப்ட்டில் காரின் நடுப்பகுதியை மெஷினே அடைச்சுக்கும். கியர் பாக்ஸ் பக்கம் கை போகாது.

மூன்று: டூ போஸ்ட் லிஃப்ட். சர்வீஸ் சென்டரில் பார்ப்போமே, அது. நின்னுக்கிட்டே வேலை செய்யலாம், நாலு சக்கரமும் தொங்கும்.

நான்கு: ஃபோர் போஸ்ட் லிஃப்ட். கார் ரெண்டு பாதை மேல ஏறி நிற்கும். சக்கரத்தைக் கழற்றணும்னா மேலே இன்னொரு ஜாக்கி வேணும். ஒரு காருக்கு மேல இன்னொரு காரை நிறுத்த நினைக்கிறவங்களுக்குத்தான் இது பெரும்பாலும் பயன்படும்.

வீடு இதுக்கு ஒத்துக்குமா?

விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க.

உயரம்: ஹேட்ச்பேக் கார் சுமார் 1.5 மீட்டர் உயரம். டூ போஸ்ட் லிஃப்ட் அதை 1.8 மீட்டர் தூக்குதுன்னு வைங்க. மொத்தம் 3.3 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி. நம்ம போர்டிகோ கூரை பொதுவா 10 அடி. அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங் அதுக்கும் கம்மி. எஸ்யூவி என்றால் கேட்கவே வேண்டாம்.

தரை: டூ போஸ்ட் லிஃப்ட்டின் மொத்த பாரமும் ரெண்டு தூணின் அடியில் இருக்கும் போல்ட்டில் நிற்குது. எத்தனை இஞ்ச் கனத்தில், எந்தத் தரத்தில் கான்கிரீட் வேணும்னு அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். டைல்ஸ் ஒட்டின, சரிவாகப் போட்ட போர்டிகோ தரை இதுக்கு ஆகாது. உடைச்சுப் புதுசா போட்டு, கான்கிரீட் இறுக 28 நாள் விடணும்.

உரிமை: வாடகை வீடுன்னா ஓனர் சம்மதம். அபார்ட்மென்ட்னா தரை உங்க பேரில் இல்லை, அசோசியேஷன் சம்மதம். கரண்ட் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பதையும் பார்த்துக்கோங்க.

இந்த மூணு கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முடிவு கிடைச்சிடும்.

இப்போ ரூபாய்க் கணக்கு

கீழே இருக்கிற எண்கள் கணக்கைப் புரிய வைக்க நான் எடுத்துக்கிட்ட உதாரணம். உங்க ஊர் கொட்டேஷனை வாங்கி அந்த இடத்தில் போட்டுக்கோங்க.

டூ போஸ்ட் லிஃப்ட் விலை ரூ.1,80,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், ரூ.32,400. தரை வேலை ரூ.40,000. வயரிங் ரூ.15,000. வண்டி வாடகை, இன்ஸ்டாலேஷன் ரூ.12,600. மொத்தம் ரூ.2,80,000. விளம்பரத்தில் நீங்க பார்த்தது 1,80,000. வீட்டுக்குள்ள வந்து நிற்கும்போது அதுவே ஒரு லட்சம் கூடிடுச்சு.

சிசர் லிஃப்ட் எல்லாம் சேர்த்து ரூ.1,20,000 என்று வைப்போம். டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள் எல்லாம் சேர்த்து ரூ.12,000.

மிச்சம் எவ்வளவு? இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் நீங்க செஞ்சாலும் வாங்கித்தான் ஆகணும். மிச்சமாகிறது லேபர் மட்டும்தான். வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ், தலா 2,000. பிரேக், டயர் வேலையில் இன்னொரு 2,000. ஆக, வருஷத்துக்கு ரூ.6,000.

முதலீட்டை 6,000-ஆல் வகுங்க:

• ஜாக்கி, ஸ்டாண்ட்: 2 வருஷத்தில் போட்ட பணம் திரும்பும்.
• சிசர் லிஃப்ட்: 20 வருஷம்.
• டூ போஸ்ட் லிஃப்ட்: 46 வருஷத்துக்கு மேல.

25 வயசில் வாங்கினா, ரிட்டயர் ஆகி 11 வருஷம் கழிச்சு லாபம் ஆரம்பிக்கும். அதுவும் வட்டியைச் சேர்க்காம.

வட்டியைச் சேர்த்தா? 2,80,000 ரூபாயை 7 சதவீத எஃப்டியில் போட்டா வருஷத்துக்கு ரூ.19,600, வரிக்கு முன்னால். லிஃப்ட் மிச்சப்படுத்துறது 6,000. அப்போ போட்ட பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது. லிஃப்ட்டுக்கு 15 வருஷ ஆயுள், 7 சதவீத வட்டின்னு வெச்சு கணக்குப் போட்டா, வருஷத்துக்கு சுமார் ரூ.31,000 மிச்சமானாத்தான் போட்டதுக்கும் எடுத்ததுக்கும் சரியாகும். சர்வீஸுக்கு 2,000 என்றால் 15, 16 சர்வீஸ். அதாவது உங்க வீட்டு வாசலில் ஏழெட்டு கார் நிற்கணும்.

"அமெரிக்காவில் எல்லாரும் வீட்டில் வெச்சிருக்காங்களே?" என்று கேட்பீங்க. அங்கே ஒர்க்‌ஷாப் லேபர் ஒரு மணி நேரத்துக்கு 100 டாலருக்கு மேல போறது சாதாரணம். உயரமான தனி கராஜும் பல வீடுகளில் இருக்கு. அங்கே அந்தக் கணக்கு சரி. அவங்க வீடியோவைப் பார்த்து வேலையைக் கத்துக்கலாம். கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்க முடியாது.

இன்னொரு விஷயம். லிஃப்ட் 15 வருஷப் பொருள். உங்க அடுத்த கார் எலெக்ட்ரிக்கா இருக்க நிறைய வாய்ப்பு. அதில் மாத்த எஞ்சின் ஆயிலே கிடையாது. பேட்டரி அடியில் இருக்கிறதால, தூக்கும் இடமும் கம்பெனி சொன்ன இடமாகத்தான் இருக்கணும்.

இஎம்ஐ, வரி பற்றி ரெண்டு வார்த்தை

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி மறைஞ்சு போறதில்லை. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டி ஈடுகட்டுறாங்க. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, அதோட பிராசஸிங் ஃபீ, உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டில் தனியா வரும். 2,80,000-ல் லிஃப்ட் விலை மட்டும்தான் இஎம்ஐயில் போகும்; தரை போடுற மேஸ்திரிக்கு ரொக்கம்தான்.

"பில் இருக்கே, வரியில் கழிக்கலாமா?" முடியாது. சம்பள வருமானத்தில் இதுக்கு இடமே இல்லை. 15 சதவீத தேய்மானம், ஜிஎஸ்டி இன்புட் எல்லாம் தொழில் செய்யுறவங்களுக்கு. "அப்போ சைடுல நாலு வண்டி பார்க்கிறேன்" என்றால் அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது, லைசென்ஸ் வேணும், வீட்டு மின் இணைப்பையும் அதுக்குப் பயன்படுத்தக் கூடாது. செய்யலாம், ஆனா முழுசா அந்தக் கணக்கோட செய்யுங்க.

ரூபாயில் போட முடியாத கணக்கு

உங்க கார் இன்ஷூரன்ஸில் 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துப் படிச்சிருக்கீங்களா? வண்டியை ஓட்டும்போது, ஏறும்போது, இறங்கும்போது, கோ-டிரைவராகப் பயணிக்கும்போது என்றுதான் அதில் எழுதியிருக்கும். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது என்று இருக்காது. டேர்ம் இன்ஷூரன்ஸ், தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி ரெண்டும் இல்லாதவங்க காருக்கு அடியில் போறதுக்கு முன்னாடி அதை முடிங்க. உங்க சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

அப்புறம் அந்த 12,000-ஐ இப்படிச் செலவு பண்ணுங்க:

1. காரின் எடை மேனுவலில் இருக்கும். அதைவிட நல்லா அதிகமான திறன் உள்ள ஜாக்கி, ஸ்டாண்ட் வாங்குங்க. ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் பொதுவா ஒரு ஜோடிக்கு. ஒன்றுக்கு என்று நினைச்சுக்காதீங்க.

2. கூடுதல் லாக் பின் உள்ள ஸ்டாண்டா பாருங்க. 2020-ல் அமெரிக்காவில் பல் சரியாப் பிடிக்காம நழுவும் ஆபத்து இருந்ததால லட்சக்கணக்கான ஜாக்கி ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கினாங்க. பின் இருந்தா பல் நழுவினாலும் ஸ்டாண்ட் இறங்காது.

3. சமதரையில் மட்டும் தூக்குங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை.

4. ஸ்டாண்டில் இறக்கின பிறகு காரை நல்லா அசைச்சுப் பாருங்க. ஆடினா மறுபடி போடுங்க. கழற்றின சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைங்க. கடைசிக் காவல் அது.

5. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சொல்லாமக் கொள்ளாம உடையும்.

6. வேலை செய்யும்போது வீட்டில் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊத்தாம, சேகரிக்கும் இடத்தில் கொடுங்க.

கியர் பாக்ஸ், கிளட்ச் மாதிரி பெரிய வேலை வந்தா பக்கத்து மெக்கானிக்கிட்ட விடுங்க. அவரிடம் லிஃப்ட் இருக்கு. அந்த லிஃப்ட் செலவை ஊரில் இருக்கிற எல்லா வண்டியும் சேர்ந்து பங்கு போட்டுக்குது.

அப்போ யார்தான் லிஃப்ட் வாங்கலாம்?

பழைய கார்களை வாங்கி மீட்டெடுக்கிறது உங்க ஆசைன்னா, எமர்ஜென்சி ஃபண்டும் இன்ஷூரன்ஸும் முடிச்சிருந்தா, கடன் இல்லாம வாங்க முடிஞ்சா, தாராளமா வாங்குங்க. முதுகுவலியால் படுத்து வேலை செய்ய முடியாதவங்களும் யோசிக்கலாம். ஆனா அதை "சேமிப்பு" என்ற தலைப்பில் எழுதாதீங்க. "ஆசை" என்ற தலைப்பில் எழுதுங்க. ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. அதை முதலீடுன்னு நினைச்சுக் கடன் வாங்குறதுதான் தப்பு. வாங்கும்போது, ஹைட்ராலிக் பிரஷர் போனாலும் காரைத் தாங்கிப் பிடிக்கிற மெக்கானிக்கல் லாக் இருக்கான்னு கேளுங்க. டெமோவில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. தயங்கினா வேற கடை பாருங்க.

அந்தத் தம்பி போன வாரம் ஃபோட்டோ அனுப்பியிருந்தார். மாமா வீட்டு சிமென்ட் களத்தில் ஸ்விஃப்ட், நாலு ஸ்டாண்ட் மேல. சக்கரம் கழற்றி அடியில் கிடக்கு. கீழே ஒரு வரி: "அண்ணா, எஸ்ஐபியை நிறுத்தலை." எனக்கு அந்த ஃபோட்டோவில் ரொம்பப் பிடிச்சது அடியில் கிடந்த அந்தச் சக்கரம்தான்.

இதே கணக்கை உங்க எண்களைப் போட்டு எப்படிப் பார்க்கிறதுன்னு இந்த வார வீடியோவில் எக்ஸெல் ஷீட்டோட காட்டியிருக்கேன். அதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, உங்க டிக்கியில் இருக்கிற ஜாக்கியை எடுத்து அதன் மேல் ஒட்டியிருக்கிறதைப் படிச்சுப் பாருங்க. காருக்கு அடியில் போகாதேன்னு பெரும்பாலும் ஒரு படமே போட்டிருப்பாங்க.