தங்கச்சிமடத்தில் பட்டறை போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சொந்தமாகப் பட்டறை திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதில் ரொம்பச் சந்தோஷம். உன் வாசலுக்கு வரப்போவதில் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்தான் அதிகம் இருக்கும். விடிகாலை மீன் பெட்டி, வெயிலேறினால் மல்லிகை நாற்றுக் கட்டு, இடையில் வலையும் தண்ணீர்க் குடமும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்கார்ந்து போகச் செய்த மொபெட். அதன் வாரிசைச் சுமை வண்டியாக்கியதில் நம் பக்கத்து வியாபாரிகளுக்கும் கேரியர் அடித்துக் கொடுத்த பட்டறைக்காரர்களுக்கும் பெரிய பங்குண்டு. ஜப்பானில் ஹோண்டா 1982-இல் மோட்ரா என்று மேடு பள்ளத்தில் சுமை தூக்கவே ஒரு குட்டி வண்டி செய்தது. மேடேறத் தனி லோ கியர்கூட அதில் உண்டு. நம் எக்ஸெல்லில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது.

அதனால்தான் வருகிறவரெல்லாம் "இழுவை பத்தலை" என்பார்கள். எக்ஸெல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி. மணலில் சக்கரம் புதைந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தால், கிளட்ச் நழுவி லைனிங் கருகும். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஓரிரு பல் கூட்டினால் இழுவை கூடும், வேகம் குறையும். மீன்காரருக்கு அது நல்ல பேரம். புதைமணலில் இறங்கித் தள்ளிக்கொண்டே போகச் சொல்.

ஆனால் இழுவையில் கை வைக்கும் முன் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார். நம் ஊர் வண்டி அங்கேதான் சாகிறது. ஐஸ் உருகி, உப்பும் மீன் இரத்தமும் கலந்த தண்ணீர் பெட்டி மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக ரிம்மில் விழும். வெளியே கம்பி பளபளவென்றுதான் இருக்கும். நிப்பிளுக்குள் துரு தின்றிருக்கும். ஒரு பள்ளத்தில் இரண்டு கம்பி சேர்ந்து தெறிக்கும். அதே தண்ணீர் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. துருப்பிடிப்பதை ஆராயக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால், நம் காற்று எப்படிப்பட்டது என்று யோசி. பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வை, மூலையில் டியூப் சொருகித் தண்ணீரைச் சக்கரத்துக்கு அப்பால் விழ விடு. சின்ன வேலைதான். நூறு பேரில் ஒருவர்கூடக் கேட்டு வாங்க மாட்டார், நீயாகச் செய்து கொடு.

கேரியரை நீட்டச் சொல்லி வற்புறுத்துவார்கள். சம்மதிக்காதே. பாரம் பின் அச்சைத் தாண்டினால் முன் சக்கரம் மிதக்கும். பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று தள்ளும்போது ஹேண்டில் சொன்னபடி கேட்காது. கனமானதைச் சீட்டுக்கு முன்னால், காலடியில் வைக்கச் சொல். சேஸை அறுத்து ஒட்டுவது கூடவே கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வெல்டிங் ஓரத்தில்தான் துரு முதலில் ஏறும்.

மூன்றாவது பெட்டிக்கு இடம் கேட்கிறவரிடம் வண்டியை யார் ஓட்டுகிறார் என்று விசாரி. பல வீடுகளில் அவருடைய பையனோ மனைவியோ ஓட்டுவார்கள். அவர்களையும் ஒருநாள் பட்டறைக்கு வரச் சொல்லி, முழுப் பாரத்தோடு பிரேக் பிடித்துப் பார்க்க வை. வண்டி எங்கே நிற்கிறது என்று அவர்களே பார்த்த பிறகு கேரியர் அளவைப் பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்