காடு போன இடத்தில் வந்தது என்ன? அளந்தறியும் முறை

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பவர், எங்கும் பசுமையே தென்படக் கண்டு, இங்கே காடு அழிந்தது என்பது வீண்பேச்சு என்று முடிவுகட்டிவிடலாம்; ஆனால் அப்பசுமையில் முந்திரி எவ்வளவு, தைலமரம் எவ்வளவு, பாலையும் வீரையும் காசாவும் களாவும் பின்னிவளர்ந்த பழைய காட்டின் மிச்சம் எவ்வளவு என்று பிரித்தறியாத வரையில் அவர் அளந்தது காட்டை அன்று, வெறும் பச்சை நிறத்தைத்தான்.

ஆகையால் காட்டுக்கு லட்சணம் நிர்ணயிப்பதே முதற்காரியம். இந்திய வன அளவை நிறுவனம், 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தாலே, நிலம் யாருடையது, மரம் எது என்று பாராமல் வனப்போர்வையில் சேர்த்துக்கொள்கிறது. தேசம் முழுமைக்கும் அது சௌகரியமான கணக்கு. நம் காரியத்துக்கு உதவாது. இயற்கைக் காடு, முந்திரி, தைலமரமும் சவுக்கும், முட்புதர், பயிர்நிலம், நீர்நிலை, குடியிருப்பு என வகைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடையாளமும் குறித்துக்கொள்க.

பிறகு இரண்டு காலத்துப் படங்களைத் தேடவேண்டும். லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் எடுக்கப்பட்டு, 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 1980-களுக்குப் பிந்திய படங்களில் ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். 2015-ல் தொடங்கிய சென்டினல்-2 படங்களிலோ கட்டம் இரண்டரை சென்ட்டுக்குச் சுருங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மறைக்குமாதலால், புல் காய்ந்து மரம் மட்டும் பசுமையாய் நிற்கும் மாசி, பங்குனிப் படங்களையே இரண்டு ஆண்டுகளுக்கும் எடுக்கவேண்டும். ஒன்று மார்கழியிலும் மற்றொன்று சித்திரையிலும் எடுத்ததாயிருந்தால், பருவத்தின் வேற்றுமையை அழிவென்று எண்ணி ஏமாற நேரும்.

இரண்டையும் வகைபிரித்தபின் ஒரு பட்டியல் போடுக: இடப்பக்கம் பழைய வகை, மேலே புதிய வகை, குறுக்குக் கட்டங்களில் விஸ்தீரணம். காடு முந்திரியானது எவ்வளவு, முந்திரி மனைக்கட்டானது எவ்வளவு என்பதெல்லாம் இதில்தான் வெளிப்படும். பிரேசிலில் அமேசான் அழிவை 1988 முதல் ஆண்டுதோறும் அளந்துவரும் விண்வெளி ஆய்வு நிறுவனமும், வெட்டிய நிலம் பின்னர் என்னவாயிற்று என்பதற்குத் தனியே வேறொரு கணக்கு வைக்கவேண்டியதாயிற்று. அங்கே பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாயிற்று.

மரம் விழுந்ததெல்லாம் காடழிவாகாது என்பதற்குத் ‘தானே’ புயலைவிடச் சிறந்த சாட்சியம் நம் கடலூர் ஜில்லாவில் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அப்புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2011, 2012-ஆம் ஆண்டுப் படங்களை மட்டும் ஒப்பிடுகிறவர் தோப்பு இழப்பையெல்லாம் காட்டின் பேரில் எழுதிவிடுவார். முறைப்படி வெட்டித் துளிர்க்கவிடும் தைலமரத்திலும் இதே மயக்கம் உண்டு. மூன்றாவது படமொன்று, சில ஆண்டுகள் தள்ளி எடுத்தது, இதைத் தெளிவிக்கும்.

இனி நேரில் போகவேண்டும். இதைத் தவிர்ப்பவர் அளவைக்காரரே அல்லர் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு வகையிலும் சீட்டுக் குலுக்கினாற்போல் புள்ளிகளைத் தேர்ந்து, கைப்பேசியின் இடங்காட்டியோடு அங்கே சென்று நில்லுங்கள். கொட்டை பொறுக்குவதற்காக அடிநிலம் துப்புரவாக்கப்பட்டு, தாழ்ந்த கிளைகள் தரையைத் தொட்டுக் கிடந்தால் அது முந்திரி. வரிசையாய் நின்ற அடிக்கட்டைகளில் பல துளிர் கிளம்பியிருந்தால் தைலமரம். வரிசையே இல்லாமல், காரைமுள் வேட்டியைப் பிடித்திழுத்து உள்ளே விடாமற்போனால் அதைக் காடென்று குறிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அடங்கலையும் ஒத்துப்பாருங்கள்.

படம் காடென்று சொன்ன 50 புள்ளிகளில் 35 மட்டுமே காடாயிருந்ததென்று கொண்டால், படத்தின் 1,000 ஹெக்டேரில் 700-தான் மெய்க்காடு. முந்திரி என்று படம் சொன்ன இடங்களில் காடாய்த் தேறியவற்றின் விகிதத்தைக்கொண்டு அவற்றின் விஸ்தீரணத்தையும் இதேபோற் கணக்கிட்டு அதனோடு கூட்டவேண்டும். 22 சென்ட்டுக்கும் சிறிய கோயில்காடுகள் லாண்ட்சாட் படத்தில் அகப்படா. அவற்றைச் சங்கிலி பிடித்தே அளந்து, தனிப்பட்டியலாகச் சேர்க்க.