விதை தரும் விடை

நுழையும்முன்

கரும்பலகையில் எழுதிய விடை பிழையானால் அழித்து எழுதலாம். மண்ணில் ஊன்றிய விதை தரும் விடையை அவ்வாறு மாற்ற இயலாது. காய்கறிப் பாத்தியைக் கணக்கும் அறிவியலும் மொழியும் பயிலும் வகுப்பறையாக்கும் கல்விமுறையையும் அதன் இன்றைய தேவையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆலைகளின் நடுவே

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. வயல்களும் ஏரிகளும் கொண்ட இப்பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பல மாநிலத் தொழிலாளர்கள் குடியேறினர். இரும்பு கம்பியாவது ஆலைச் சுவர்களுக்குள் நிகழ்கிறது. சுமையுந்தில் ஏறி வெளிவரும் பொருளை மட்டுமே சிறுவர்கள் காண்கின்றனர். காய்கறியும் அவர்களுக்குக் கடைப்பொருளாகவே அறிமுகமாகிறது. ஒன்று உருவாவதைத் தொடக்கம் முதல் இறுதிவரை காணும் வாய்ப்பைப் பள்ளித் தோட்டம் அவர்களுக்கு வழங்கும்.

தொழில்வழிக் கல்வி

இவ்வெண்ணம் புதியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழிலை நடுவாகக் கொண்டு, தாய்மொழியில் பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வி அங்கு உருப்பெற்றது. சாகிர் உசேன் தலைமையிலான குழு நூற்பு, நெசவு, தச்சு, உழவு ஆகியவற்றோடு காய்கனித் தோட்டத்தையும் அடிப்படைத் தொழிலாக ஏற்றது. இக்கல்வியைச் சேவாகிராமத்தில் வளர்த்தவர்களுள் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் குறிப்பிடத்தக்கவர். அவர் முன்னர்ச் சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவர்.

விளைபொருளின் வருவாயைப் பெரிதாகக் கருதினால் கல்வியின் நோக்கம் பின்தள்ளப்படும் என்று அக்குழுவே எச்சரித்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட திட்டம், குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. பிறப்பைக் கொண்டு ஒருவருக்குத் தொழிலை ஒதுக்குவது வேறு; எல்லாக் குழந்தைகளும் ஒரே பாத்தியருகே நின்று சிந்திக்கக் கற்பது வேறு. இவ்வேறுபாட்டை மறவாத பள்ளியே தோட்டத்தைக் கல்வியாக்கும்.

பாத்தியில் பாடங்கள்

வெண்டையை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டால், 3.6 மீ. நீளமும் 1.8 மீ. அகலமும் உள்ள பாத்தியில் 48 செடிகளுக்கு இடமுண்டு. குழிக்கு இரண்டாக 96 விதைகள் ஊன்றி, 72 முளைத்தால் முளைப்புத்திறன் 75 விழுக்காடு. முளைக்காத 24 விதைகளிலிருந்து அறிவியல் தொடங்குகிறது. விதை பழையதா? ஆழம் மிகுந்ததா? நீர் தேங்கியதா? ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மீண்டும் ஊன்றிப் பார்ப்பதே ஆய்வு. பூசணிக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்வதைக் கண்டவர்க்குத் தேனீயின் பணி எளிதில் விளங்கும்.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே நம் அடுக்களையை அடைந்தவை. இது வரலாற்றுப் பாடம். கத்தரிக்கு நாற்று, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி எனத் தமிழ் இளம்பயிரைப் பெயரிட்டு வேறுபடுத்துவது மொழிப்பாடம். தமிழில் வெண்டைக்காய் எனப்படுவது தெலுங்கில் பெண்டகாய, இந்தியில் பிண்டி. வகுப்பில் பேசத் தயங்கும் வெளிமாநிலக் குழந்தை, பாத்தியருகே தன் மொழிச் சொல்லைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராகிறது.

மண்ணை அறிதல்

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது, நீர் உவர்ப்பாயிற்று. ஆதலால் விதைக்குமுன் மண்ணையும் நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும். ஆலைகளை அடுத்த பள்ளிகளுக்கு இது இன்றியமையாதது. மண் தகுதியற்றதாயின் நல்ல மண்ணைப் பைகளில் நிரப்பிச் செடி வளர்க்கலாம். ஆயினும், தம் ஊர் மண் ஏன் தகுதியிழந்தது என்னும் வினாவை மாணவர்கள் கைவிடலாகாது. நாளை அதே ஆலைகளில் பொறியாளராகவோ தொழிலாளராகவோ நுழையவிருப்பவர்கள் அவர்களே. மண்ணிடம் விடை கேட்டுப் பழகியவர்கள், மண்ணுக்காக வினவவும் துணிவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் ஒரு காய்கறி விதையை ஊன்றி, 45 நாள் நாட்குறிப்பு எழுதுக.
2. 'பள்ளித் தோட்டம் உழைப்பா, கல்வியா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.