பூக்காத ரோஜாச் செடியைப் பிடுங்குமுன்

மலர் சாகுபடி செய்யும் அங்கத்தினர்களிடமிருந்து சங்கங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "செடி நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, தழை கரும்பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. இதைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடக் கடன் கிடைக்குமா?" என்பதே அது. வீட்டுப் புறக்கடையில் ஒற்றைச் செடி வைத்திருக்கும் நெசவாளர்களும் இதே குறையைக் கூறுகின்றனர். இரு சாராருக்கும் விடை ஒன்றே: காரணத்தைக் காணாமல் செடியைப் பிடுங்கலாகாது.

புதுக்கன்று நட்டால் கணிசமான வருவாய் இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கிட்டும். வேரூன்றிய பழஞ்செடியோ, முறையாகக் கவாத்து செய்யப்பட்டால், ஏறத்தாழ 45 நாட்களில் மீண்டும் பூக்கத் தொடங்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர் நாம் முன்னரே செலுத்திவிட்ட முதலீடாகும். அதனை இழந்து, மேலும் ஒரு கடனைத் தலைமேல் ஏற்றிக்கொள்வதற்கு முன், கீழ்க்காணும் ஆறினையும் வரிசையாக ஆராய்தல் வேண்டும்.

1. வெயில்

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். கன்று நட்டபோது வெட்டவெளியாக இருந்த இடம், சில ஆண்டுகளில் முருங்கையும் தென்னையும் வளர்ந்து நிழலாகிவிடக் கூடும். நிழலில் நிற்கும் செடி நீண்டு மெலிந்த கிளைகளை விடும். அவற்றின் நுனியில் மொட்டு இராது. இதற்கு எருவிட்டுப் பயனில்லை. நிழல் தரும் கிளைகளைக் கழிப்பதே மருந்து.

2. எந்தச் செடி வளர்கிறது?

நாற்றுப் பண்ணைகளில் வாங்கும் ரோஜாக்களில் பல, வேறொரு ரோஜாவின் வேர்ச்செடிமேல் மொட்டுக் கட்டப்பட்டவை. கட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ச்செடிக்குரியது. அதனை விட்டுவைத்தால் அது ஓங்கி வளர்ந்து, மேலிருக்கும் நல்லினத்தை ஒடுக்கிவிடும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்னும் வழக்கு முற்றும் நம்பத்தக்கதன்று. நல்லினங்களிலும் ஏழு சிற்றிலைகள் உண்டு. மண்ணை விலக்கித் தளிர் கிளம்பும் இடத்தைப் பார்ப்பதே உறுதியான சோதனை. கட்டுக்குக் கீழே எனில், தோன்றிய இடத்தோடு அகற்றுக. தண்டுக் குச்சியை நட்டு வளர்க்கும் எட்வர்டு ரோஜாவில் இத்தொல்லை இல்லை.

3. கவாத்து

சந்தைக்கு வரும் ரோஜா வகைகளில் பெரும்பாலானவை புதுத்தளிரின் நுனியில் பூப்பவை. பழங்கிளைகள் அடர்ந்தால் புதுத்தளிர் குறையும், பூவும் குறையும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக்குரிய காலம். அடைமழை நாட்களைத் தவிர்த்து, வெயில் காயும் நாளைத் தேர்ந்துகொள்க. காய்ந்தவை, நோயுற்றவை, மெலிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகிய கிளைகளை முதலில் நீக்குக. எஞ்சியவற்றில் சென்ற பருவத்து வளர்ச்சியில் பாதியளவு வெட்டுக. வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டுதல் வேண்டும். வெட்டுவாயின் நடுப்பகுதி வெண்மையாக இருக்க வேண்டும்; பழுப்பாயின் இன்னும் கீழே வெட்டுக.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனிக்கருகல் நோய் அணுகாது. மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனி மண்பாண்டங்களில் அரை லிட்டர் நீரில் கரைத்துப் பின் ஒன்றாகக் கலந்தால் பசை ஆயத்தம். இரும்புப் பாத்திரம் ஆகாது.

பந்தலில் படரும் கொடி ரோஜாக்களுள் சில முந்திய ஆண்டுத் தண்டில் பூப்பவை. அவற்றைப் பூத்து முடிந்த பின்னரே வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டினால் அவ்வாண்டுப் பூவையே வெட்டியவராவோம்.

4. எரு

பூக்கவில்லை என்றதும் யூரியாவை அள்ளி வைப்பது பரவலான வழக்கம். தழைச்சத்து மிகுந்தால் தழைதான் மிகும். கவாத்துக்குப் பின் செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோவும், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல்சத்து 12 கிராமும் இடுக. இவை சத்தின் அளவுகள். மூட்டையிலிருந்து எடுக்கும் உரத்தின் அளவுகள் அல்ல. உரமாகக் கணக்கிட்டால் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் ஆகும். தழை ஏற்கெனவே கரும்பச்சையாய்ச் செழித்திருந்தால் யூரியாவை அம்முறை நிறுத்திவைக்கலாம்.

5. நீரும் மண்ணும்

வேரடியில் நீர் தேங்கலாகாது. நெசவாளர் இல்லங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நூலுக்குச் சாயமேற்றிய நீரும் அலசிய நீரும் புறக்கடைச் செடிக்குப் பாய்வதுண்டு. அந்நீரில் சோடாக்காரமும் உப்பும் கலந்திருக்கும். ரோஜா உப்பைத் தாங்காது. காரம் மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இக்குறி தோன்றினால் கழிவுநீரை வேறு வழியில் திருப்பி, நல்ல நீரும் தொழு உரமும் இடுக.

6. பூச்சியும் பறிப்பும்

மொட்டு தோன்றிக் கருகுமாயின் இலைப்பேனை ஐயுறுக. வெள்ளைத்தாளின்மேல் மொட்டைத் தட்டினால் நுண்ணிய பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். தண்டில் செதில் பூச்சி அப்பியிருந்தால், அக்கிளைகளைக் கவாத்தின்போது வெட்டி எரிப்பது நன்று.

விலை வீழ்ந்த நாட்களில், பறிகூலிக்குக் கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்டுவிடுவோர் உண்டு. வாடிய பூ காயாகும். காய் பிடித்த செடி அடுத்த பூவைத் தாமதிக்கும். ஆகவே விலைபோகாத பூவையும் கிள்ளிவிடுதல் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. பத்துச் செடிகளுக்கு அடையாளக் கயிறு கட்டி, மேற்கூறியவாறு சீர்செய்து, வெட்டிய நாள், இட்ட உரம், முதல் மொட்டுத் தோன்றிய நாள், பறித்த பூவின் எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருக. இரண்டு மாதங்களில் விடை தெரிந்துவிடும். அப்பத்தும் பூத்தால் புதுக்கடனுக்குத் தேவையில்லை. பூக்காவிடின், புது நடவுக்குக் கடன் கோரும் மனுவுடன் அந்நோட்டையும் நிர்வாகக் குழுவின்முன் வைக்கலாம். அதைக் காட்டிலும் நேர்மையான சான்று வேறில்லை. கவாத்துக் கத்தரிகளைச் சங்கப் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதும், மண் மாதிரிகளை ஒருங்கே திரட்டி மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவதும் ஒவ்வொருவருடைய செலவையும் குறைக்கும்.

கடன் வாங்குவது எளிது. தவணை கட்டுவதே அரிது. வரும் கவாத்துப் பருவத்தில் கடப்பாரையை எடுக்குமுன் அங்கத்தினர்கள் கத்தரியை எடுப்பார்களாக.