நிறுத்துகிற நாளில் கையில் என்ன மிஞ்சும்?

மதுரையில் டி.டி.பி. கடை வைத்து 32 வருஷம் ஓடிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சிறுபத்திரிகை என்று பக்கம் கட்டிய கை. வேலை பழக வரும் பிள்ளைகளுக்குத் தொழிலோடு பணக் கணக்கும் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். போன மாதம் ஒரு பெண், சம்பளம் வந்த மூன்றாம் நாளே 1,900 ரூபாய் குறைகிறது என்று முகம் வாடி வந்து நின்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். பதினொரு சந்தா. அதில் நாலு எதற்கென்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அதற்கு முன் பலரிடம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். சந்தா மூன்று இடங்களில் இருக்கும்: யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பக்கம், கார்டு கொடுத்த வங்கியின் தளம், போனில் உள்ள பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரின் சந்தாப் பட்டியல். மூன்றையும் பார்த்தால்தான் கணக்கு முழுசாகும். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது. பட்டியல் கிடைத்ததும் எல்லாவற்றையும் வருஷக் கணக்காக எழுதுங்கள். மாதம் 149 என்று படித்தால் மனசு தயங்காது. வருஷம் 1,788 என்று எழுதினால் யோசிக்கும்.

2. எந்தச் சந்தாவையும் கட்டுவதற்கு முன்னால், இதை நிறுத்துகிற நாளில் என் கையில் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

எங்கள் தலைமுறை பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் பழகியது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். வட்டில் காசு கொடுத்து வாங்கினோம். அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு பைசா கட்டவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய கோயில் மலரை மறுபதிப்புப் போட வேண்டும் என்று யாராவது வந்தால், மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் போட்டு ஃபைலைத் திறந்து கொடுக்கிறேன். 2013-இல் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தாவுக்கு மாற்றியது. அதிலிருந்து நாம் கட்டுவது வாடகை. வாடகை நின்றால் பூட்டு விழும். நீங்கள் ராத்திரி கண்விழித்துக் கட்டிய பக்கங்கள் உள்ளே இருக்கும். சந்தாவோடு வரும் எழுத்துருக்களும் சந்தாவோடு போய்விடும்.

இதனால் வாடகையே தப்பு என்று சொல்ல மாட்டேன். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. இன்றைக்கு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை அப்படியே எடுத்துப் பக்கம் கட்ட அடோபியின் இன்டிசைன்தான் எனக்கு ஒத்துவருகிறது, அதற்கு வாடகை கட்டுகிறேன். ஆனால் வேலை முடிந்த ஒவ்வொரு ஃபைலையும் பி.டி.எஃப்., வேறு சில மென்பொருள்களிலும் திறக்கும் ஐ.டி.எம்.எல். இரண்டிலும் சேமித்துத் தனி ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன். நாளைக்கே சந்தாவை விட்டாலும் என் வேலை என்னிடம் இருக்கும்.

படங்களுக்கும் இதே கேள்விதான். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்ற ஏற்பாடு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், டிரைவ், படம் எல்லாம் சேர்ந்து 15 ஜி.பி. அது நிரம்பினால் மெயில்கூட வராது. பணம் கட்டி இடம் வாங்குவது உங்கள் விருப்பம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் மட்டும் வீட்டில் ஒரு டிஸ்கிலும் இருக்கட்டும். ‘வாங்கு’ என்று பட்டன் இருந்தாலும் கவனம் வேண்டும். 2009-இல் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலைக் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்து அமேசானே அதை நீக்கியது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, புத்தகம் போய்விட்டது. அலமாரியில் இருக்கிற புத்தகத்தை அப்படி யாரும் வந்து எடுத்துப் போக முடியாது.

3. தொழிலுக்கு வாங்கும் மென்பொருளை உங்கள் வேலையால் அளந்து பாருங்கள். மாத வாடகையை இரண்டு பத்திரிகை வேலையில் எடுத்துவிட முடிந்தால் தைரியமாகக் கட்டுங்கள். அந்த அளவுக்கு வேலை வரும்வரை இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் போதும். மூன்றும் இலவசம், மூன்றிலும் யூனிகோட் தமிழ் அடிக்கலாம். கடிதமும் கணக்குத் தாளும் மட்டும் போடுகிறவர் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு வருஷா வருஷம் கட்டத் தேவையே இல்லை.

திருட்டுப் பதிப்பின் பக்கம் மட்டும் போகாதீர்கள். என் கடையில் ஒரு பையன் எனக்குத் தெரியாமல் ஏற்றிய ‘கிராக்’ ஒன்றோடு வைரஸும் வந்தது. நாலு வருஷ ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் வைரவிழா மலரை முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடித்தோம்.

4. ‘முதல் மாதம் இலவசம்’ என்பதில் சேர்ந்தால், அன்றைக்கே முடிவுத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே குறியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்று விலக அதில் வழியும் இருக்க வேண்டும். ஆனால் முதல் தடவை ஓ.டி.பி. போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், அடுத்தடுத்த மாதங்களில் 15,000 ரூபாய் வரைக்கும் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போகும். அதனால் அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒவ்வொன்றுக்கும் செய்தி வந்துதான் இருந்தது.

சேர ஒரே தட்டல், விலகப் பத்துப் பக்கம் என்று இழுத்தடிக்கிறார்களா? மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் சந்தாப் பொறியும் ஒன்று. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

5. படம், தொடர் பார்க்க ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஓ.டி.டி. போதும். இந்த மாதம் ஒன்று, பார்க்க நினைத்ததைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள், அடுத்த மாதம் இன்னொன்று. ரீசார்ஜ் பிளானோடு ஏதாவது சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். விலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளானை 199-லிருந்து 149-க்கு இறக்கியது. அதே மாதம் அமேசான் பிரைம் வருஷச் சந்தாவை 999-லிருந்து 1,499-க்கு ஏற்றியது. புதுப்பிக்கும்போதெல்லாம் புதிதாகச் சேருவதுபோல விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

6. நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் சந்தா ஒன்று இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் நம் வீடுகளிலிருந்து போகிறது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. மதுரையில் புது நத்தம் சாலையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குளிரூட்டிய கூடம், போட்டித் தேர்வுப் பகுதி, குழந்தைகளுக்குத் தனித் தளம். மின்நூலுக்கும் படிப்புச் செயலிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். பழந்தமிழ் நூல்கள் வேண்டுமென்றால் 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

7. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள். அச்சோ இணையமோ, உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. பெரிய நிறுவனங்களுக்கு உங்கள் 149 ரூபாய் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. சிறுபத்திரிகைக்கு அப்படி இல்லை. ஆயுள் சந்தா கட்ட வேண்டாம், வருஷா வருஷம் கட்டுங்கள். ஆயுள் சந்தாப் பணம் ஒரே வருஷத்தில் காகிதமாகச் செலவாகிவிடும், அடுத்தடுத்த வருஷங்களில் அந்த வாசகருக்கு இதழ் அனுப்பும் செலவு மட்டும் நிற்கும். அப்படித் தடுமாறிய ஆசிரியர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு காலாண்டிதழுக்கு ஒன்பது வருஷம் பக்கம் கட்டினேன். சந்தாதாரர் முகவரிகளையும் நான்தான் ஒட்டுத்தாளில் அச்சடித்துக் கொடுப்பேன், தாளுக்கு 24 முகவரி. முதல் வருஷம் இதழுக்குப் பதினேழு தாள் போனது. கடைசி இதழுக்கு ஐந்து தாள், ஐந்தாவதில் பாதி வெறுமை. அதற்கடுத்த இதழுக்கான பக்கங்களைக் கட்டி முடித்திருந்தேன். அந்த ஃபைல் இன்னும் என் டிஸ்கில் இருக்கிறது, அச்சுக்குப் போகவில்லை.