கடையிலும் கம்பெனியிலும் தலைமை: எப்போது கேட்பது, எப்போது உத்தரவிடுவது?



தலைமை என்றதும் நாட்டை ஆள்பவர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். நீங்கள் இரண்டு பையன்களை வைத்துக் கடை நடத்தினாலும் தலைவர்தான். வளைகுடாவில் பத்துப் பேருக்கு ஃபோர்மேனாக இருந்தாலும் தலைவர்தான். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த விசாரணையில் நம் கடைப் பையனும் வந்து நிற்பான் என்பதுதான் மறந்து போகிறது.

நம்மில் பலருக்கு வேலை வாங்குவதில் ஒரே ஒரு முறைதான் தெரியும். கத்திப் பழகியவர் எல்லாவற்றுக்கும் கத்துவார். எல்லோரையும் அனுசரித்துப் பழகியவர் கடையில் தீப்பிடித்தாலும் நாலு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டால், "என் குணம் அப்படி" என்கிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் நாம் பார்ப்பது வேறு. அதே தோழர்களிடம், இரண்டே நாட்களுக்குள், இரண்டு விதமாக நடந்திருக்கிறார்கள். உஹதை எடுத்துக்கொள்வோம்.

உஹதுக்கு முந்தைய நாள்

ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம் (கி.பி. 625). மக்காவிலிருந்து சுமார் 3000 பேர் கொண்ட படை மதீனாவின் அருகே வந்துவிட்டது. ஊருக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். தோழர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்கள் பலர், வெளியே சென்று மோதுவோம் என்று ஆர்வத்தோடு வற்புறுத்தினார்கள். தம் விருப்பத்திற்கு மாறாக இருந்தும் அதையே ஏற்று, வீட்டுக்குள் சென்று கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் இளைஞர்களுக்கு மனம் உறுத்தியது. நாங்கள் வற்புறுத்திவிட்டோம், தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்றார்கள். ஒரு நபி கவசம் அணிந்த பிறகு போரை முடிக்காமல் அதைக் கழற்றுவது தகாது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்கள்.

இங்கே ஏன் கேட்டார்கள் என்று யோசியுங்கள். யோசிக்க அவகாசம் இருந்தது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று வஹீ வந்திருக்கவில்லை. முடிவின் பாரத்தை உயிரைக் கொடுத்துச் சுமக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். உங்கள் கம்பெனியில் ரமளானில் ஷிஃப்ட் நேரத்தை எப்படி மாற்றுவது, பெருநாளைக்கு யார் யார் முதலில் ஊருக்குப் போவது, குடோனை வேறு இடத்துக்கு மாற்றலாமா, இவையெல்லாம் இந்த வகை. கேளுங்கள். கேட்டு முடிவு செய்த பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றாதீர்கள்.

ஆனால் ஏற்கெனவே முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, பெயருக்கு மீட்டிங் போட்டு, பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்புவது மஷூரா ஆகாது. அதற்குச் சும்மா உத்தரவே போட்டுவிடலாம்.

கணவாயில் ஐம்பது பேர்

மறுநாள் களத்தில் அதே நபி (ஸல்) அவர்கள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. படையின் பின்பக்கத்தைக் காக்க ஒரு சிறு குன்றில் 50 வில்வீரர்களை நிறுத்தி, அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். பறவைகள் எங்களைக் கொத்திச் செல்வதைக் கண்டாலும், நாங்கள் வென்றுவிட்டதைக் கண்டாலும், நான் ஆள் அனுப்பும் வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள்.

இந்த உத்தரவின் அமைப்பைக் கவனியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. எந்தெந்தச் சூழ்நிலையில் மனம் தடுமாறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, உத்தரவு எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். நாம் பெரும்பாலும், "இங்கேயே நில்லு, வர்றேன்" என்பதோடு சரி.

அப்படியும் என்ன நடந்தது? எதிரிகள் பின்வாங்குவதைக் கண்டதும் போர் முடிந்துவிட்டது என்று பலர் கீழே இறங்கினார்கள். தலைவர் தடுத்தும் ஒரு சிலரே நின்றார்கள். அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத காலித் பின் வலீத் அந்த வழியாகச் சுற்றி வந்து தாக்கினார். ஹம்ஸா (ரலி) உட்பட சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் பல் உடைந்தது, முகத்தில் காயம் ஏற்பட்டது.

ஒருவர் தவறினால் எல்லோருடைய உயிரும் போகும் இடத்தில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சாரத்தில் ஏறுபவர் பெல்ட் போட வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லைனில் வேலை செய்கிறார்கள் என்றால், அணைத்தவரே வந்து சொல்லும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது. இங்கே அதிகாரம் காட்டுவது ஆணவம் அல்ல. தயங்குவதுதான் துரோகம்.

தோல்விக்குப் பிறகு

நானோ நீங்களோ அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "நான் அப்பவே சொன்னேன், ஊருக்குள்ளேயே இருப்போம் என்று. கேட்டீர்களா? இனிமேல் யாரிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை."

இந்தச் சூழலில்தான் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம் இறங்கியது. அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யவும் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிடுகிறான். ஆலோசனை கேட்டதற்குப் பின் இவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்த பிறகு, மறுபடியும் அவர்களிடமே கேளுங்கள் என்கிறான்! இரண்டு வருடம் கழித்து, ஹிஜ்ரி 5இல், மதீனாவைக் காப்பாற்றிய அகழ் ஸல்மான் (ரலி) அவர்களின் யோசனையில் தோண்டப்பட்டது. உஹதோடு ஆலோசனையை நிறுத்தியிருந்தால் அந்த யோசனை வாய்க்குள்ளேயே நின்றிருக்கும்.

வாக்கெடுப்புக்கு வராதவை

ஹிஜ்ரி 6, ஹுதைபிய்யா. உம்ராவுக்காக வந்த சுமார் 1400 தோழர்கள், மக்காவுக்குள் நுழையாமலேயே திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் கேட்டு மனம் உடைந்தார்கள். உமர் (ரலி) அவர்களே வந்து கேள்வி எழுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அசையவில்லை. தாம் அல்லாஹ்வின் தூதர், அவனுக்கு மாறு செய்ய முடியாது என்று விளக்கிவிட்டார்கள். எடையில் குறைப்பதா, பொய்க் கணக்கு எழுதுவதா, சம்பளத்தை இழுத்தடிப்பதா என்ற கேள்விகளும் இப்படித்தான். கடையில் பத்துப் பேரும் கை தூக்கினாலும் ஹராம் ஹலாலாகாது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பலிப்பிராணியை அறுத்துத் தலைமுடியை மழியுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அது எதிர்ப்பு அல்ல, துக்கம். கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல், தாங்களே வெளியே போய் அறுத்து, முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். களைத்தும் மனம் விட்டும் போன ஆட்களிடம் நான்காவது முறை உரக்கச் சொல்வதால் பயனில்லை. லாரி லோடு இறக்க வேண்டிய இரவில் முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் மூட்டையைத் தூக்கினால் போதும்.

வேலை தெரிந்தவரும் புதியவரும்

மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் ஒரு கருத்தைச் சொல்ல, அதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். அந்த முறை விளைச்சல் குறைந்தது. உங்கள் உலக விஷயத்தை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் அவர்களிடமே விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் துணி வெட்டிய மாஸ்டருக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித் தராதீர்கள். துணியைக் கொடுத்து, நாளைச் சொல்லி, விலகி நில்லுங்கள்.

புதியவரிடம் இப்படி விலகி நிற்க முடியாது. கூடவே நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லி, பிறகு அவரை மென்மையாகத் திருத்தினார்கள். ஆனால் குர்ஆனை நன்கறிந்த முஆத் (ரலி) அவர்கள் தொழுகையை மிகவும் நீட்டி மக்களைச் சிரமப்படுத்தியதாகப் புகார் வந்தபோது கடுமையாகவே கண்டித்தார்கள். தெரியாதவரிடம் மென்மை, தெரிந்தவரிடம் கண்டிப்பு. நம் கடைகளில் இது தலைகீழ்: நேற்று வந்த பையனுக்குத் திட்டு, பழைய ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அவருக்குச் சலுகை.

அனஸ் (ரலி) சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தவர். ஒரு நாள் ஒரு வேலைக்கு அனுப்பப்பட்டவர், வழியில் பையன்கள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால் நபி (ஸல்) அவர்கள், முகத்தில் சிரிப்பு. செல்லப் பெயரில் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன், அல்லாஹ்வின் தூதரே என்று பதில் சொன்னார் அனஸ்.