மொட்டை மாடிக்கு நீலவரியனை வரவழைக்கும் தேள்கொடுக்கு

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காம்ஃப்ரே இலையை ஊறவைத்து உரக்கரைசல் எடுப்பார்கள். அதன் பூவைத் தேனீக்களும் மொய்க்கும். குளிர்நாட்டுச் செடியான அதைச் சென்னை வெயிலில் காப்பாற்றுவது பெரும்பாடு. உரத்துக்குக் கிளிரிசிடியா தழையே போதும். பூச்சிகளை வரவழைக்க வேண்டுமா? காம்ஃப்ரேயின் குடும்பத்தைச் சேர்ந்த தேள்கொடுக்கு நம் ஊர்க் காலி மனைகளிலும், ஈரமான சாலையோரங்களிலும், ஆற்றங்கரையிலும் தானாகவே முளைக்கிறது. நறுவிலியும் தரையோடு படரும் செருப்படையும் இதற்குச் சொந்தங்கள்தான்.

1. அடையாளம் காணுங்கள்: முழங்கால் உயரம் வளரும். இலை சொரசொரப்பாக, சற்றே சுருக்கத்துடன் இருக்கும். பூங்கதிரின் நுனி தேளின் வால்போல் சுருண்டிருக்கும். வெள்ளை அல்லது வெளிர் ஊதாப் பூக்கள் கதிரின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசைகட்டி, அடியிலிருந்து நுனி நோக்கி மலரும். கதிர் விறைப்பாக நிமிர்ந்து, துணியில் ஒட்டினால் அது நாயுருவி.

2. விதை எடுங்கள்: கதிரின் அடிப்பகுதி பழுப்பானதும் உள்ளங்கையில் வைத்து உருவினால் சிறு விதைகள் உதிரும். பூங்காக்களில் பறிக்காதீர்கள், காலி மனையில் கிடைப்பதே போதும்.

3. விதையுங்கள்: அகலமான தொட்டியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். விதையை மேலாகத் தூவி, மிக மெல்லிதாக மண் போர்த்தி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். நெருக்கமாக முளைத்தால் திடமான இரண்டு, மூன்று கன்றுகளை மட்டும் விட்டுவையுங்கள். வெயில் வேண்டும், மண் காயக் கூடாது.

4. காய்ந்த கட்டு தொங்கவிடுங்கள்: பச்சைச் செடியைவிட வாடிய செடிக்குத்தான் கிராக்கி. பூத்து ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கி, நிழலில் காயவைத்து, கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் புளூ டைகர் எனப்படும் நீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய பட்டாம்பூச்சிகள் வந்து அமரலாம். தேன் இல்லாத சருகில் உறிஞ்சுகுழலை நீட்டித் தடவிக்கொண்டேயிருக்கும்.

அவை தேடி வருவது பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருளை. பெரும்பாலும் ஆண் பூச்சிகளே வரும். பெண்ணை ஈர்க்கும் வாசனையை இதிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன. உடலில் சேரும் நச்சு, கொத்த வரும் பறவைகளிடமிருந்தும் காப்பாற்றுகிறது.

5. புழுவுக்கும் இடம் கொடுங்கள்: தேள்கொடுக்கு பட்டாம்பூச்சிக்கு மட்டும்தான்; நீலவரியனின் புழு இதைத் தின்னாது. அதற்குக் கொடிப்பாலை வேண்டும். கருப்பனுக்கு அரளி, வெந்தய வரியன் என்ற இன்னொரு பட்டாம்பூச்சிக்கு எருக்கு. தி.நகர் அடுக்குமாடி பால்கனியில் இத்தனைக்கும் இடமில்லை என்றால் தேள்கொடுக்கோடு ஓர் அரளித் தொட்டி வைத்தாலே நல்ல தொடக்கம்.

6. வாயில் வைக்காதீர்கள்: பட்டாம்பூச்சிக்கு உதவும் அதே நச்சு மனிதரின் கல்லீரலைக் கெடுக்கும். 1970-களில் ஆப்கானிஸ்தானில் தேள்கொடுக்கின் பேரினத்துச் செடியொன்றின் விதை கோதுமையில் கலந்து பலர் உயிரிழந்தனர். காம்ஃப்ரேயும் விதிவிலக்கல்ல. அது கலந்த உணவுத் துணைப்பொருட்களைத் திரும்பப் பெறும்படி 2001-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. தேள்கடிக்குப் பற்றுப்போடும் வழக்கம் கிராமங்களில் உண்டு என்பதற்காகக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். தேள் கொட்டினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். செடியைக் கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

7. காத்திருங்கள்: நீலவரியன்கள் மலைக்கும் சமவெளிக்கும் இடையே பருவமழையை ஒட்டிக் கூட்டமாக வலசை போகும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் ஐப்பசி, கார்த்திகையிலும் காய்ந்த கட்டைத் தயாராக வைத்திருங்கள். மழையில் நனைந்து அழுகினால் மாற்றிவிடுங்கள். பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். மாடியில் ஒரு தொட்டிக்கு அடித்தாலும் பக்கத்துச் செடிகளில் உட்காரும் பூச்சிகளையும் அது பதம் பார்த்துவிடும்.